ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை: இது விசுவாசக் குறைவா, களைப்பா?

இரவுப்பணி (திங்கள், காலை 9:40)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை. நைட் முடிந்து வந்து தூக்கம் வராமல் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். 12 வருஷ சர்வீஸ், அதில் கடைசி 7 வருஷம் ஐ.சி.யூ. தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். நைட் டியூட்டி இரவு 8 மணிக்குத் தொடங்கி காலை 8 மணிக்கு முடியும். ஹேண்டோவர் கொடுத்து வெளியே வர ஒன்பது ஆகிவிடும். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று படித்துவிட்டு வந்தோம். இப்போது என் கையில் மூன்று பேர்.

2021 மே மாதக் கொரோனா அலையையும் இதே யூனிட்டில்தான் பார்த்தேன். அப்போது கூட இப்படி இல்லை. அப்போது பாத்ரூமில் போய் அழுதேன், முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது அழுகையே வருவதில்லை.

போன வாரம் அதிகாலை 4:20க்கு 6ஆம் பெட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஒன்பது நாள் நான் பார்த்த மனுஷன். வாய் துடைத்துவிட்டிருக்கிறேன், புரட்டிப் படுக்கவைத்திருக்கிறேன். மானிட்டரில் கோடு நேராகப் போனபோது என் மனதில் முதலில் வந்தது, "எட்டு மணிக்குள் பேப்பர் முடிந்துவிடுமா, அடுத்த அட்மிஷனுக்கு பெட் ரெடியாகுமா" என்பதுதான். வெளியே அவர் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேசப் போனபோது பெரியவரின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து என்னை நானே கேட்கிறேன், நான் என்ன ஆகிவிட்டேன் என்று. இராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

சபையில் ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர். சனிக்கிழமை நைட் இருந்தால் டியூட்டியிலிருந்து நேராகக் கோயிலுக்கு. "பரமண்டல ஜெபம் சொல்லும்போது நீ தூங்கிட்டேம்மா" என்று என் எட்டு வயதுப் பிள்ளை சொல்கிறாள். வீட்டில் வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, உள்ளே போவதில்லை. ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. தெரிந்த ஒரு சகோதரி, "உன் ஜெப ஜீவியம் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்றார். உண்மையாகவே கேட்கிறேன். இது என் விசுவாசக் குறைவா?

ஜெபவீரன் (திங்கள், பகல் 12:05)

சகோதரி, உங்கள் பாரத்தை வாசித்து மனம் கலங்கியது. சத்துரு ஊழியம் செய்கிறவர்களைத்தான் குறிவைப்பான். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்று ஏசாயா 40இல் இருக்கிறது. 21 நாள் உபவாசம் எடுங்கள். அதிகாலை 4 மணி ஜெபத்தை விடாதீர்கள், எனக்கு அதில்தான் விடுதலை கிடைத்தது. நம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் மரிக்கும்வரை ஒரு தடவைகூடச் சொந்த தேசத்துக்கு விடுப்பில் போகவில்லை. 55 வருஷம்! அந்த அக்கினி நமக்குள்ளும் எரிய வேண்டும்.

ஓஎம்ஆர்_தம்பி (திங்கள், மாலை 7:30)

அக்கா, நான் ஐடி. உங்களுக்கு இருப்பது போன்ற உயிர் பொறுப்பு எனக்கு இல்லை. ஆனாலும் அந்த "எழுத்து தெரிகிறது, உள்ளே போவதில்லை" என்ற வரி என்னுடையது போல இருந்தது. சபையில் கிட்டார் வாசிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் பாடகர் குழுப் பயிற்சி, சனிக்கிழமை வாலிபர் கூட்டம், ஞாயிறு இரண்டு ஆராதனை. திங்கள் காலை லேப்டாப்பைத் திறக்கும்போது கை கனக்கிறது. ஆராதனையில் எல்லோரும் கண்ணீரோடு பாடுவார்கள், நான் கிட்டாரில் அடுத்த கார்டு (chord) என்ன என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். சபை வேலையிலேயே களைத்துப்போனால் யாரிடம் சொல்வது? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சேகரத்து_ஊழியர் (செவ்வாய், காலை 6:15)

மகளே, நான் ஓய்வுபெற்ற குருவானவர். 31 வருஷம் சேகரங்களில், அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டாரங்களில், இருந்தேன். உன் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை, இது விசுவாசக் குறைவு இல்லை. காரணம் கொஞ்சம் நீளம்.

1 இராஜாக்கள் 19ஐ எடுத்துக்கொள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கினது 18ஆம் அதிகாரத்தில். அடுத்த அதிகாரத்திலேயே அதே எலியா பெயெர்செபாவைத் தாண்டி வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். சாக வேண்டும் என்று கேட்கிறான். விசுவாசத்தில் அவனுக்கு மேல் யார்? அவனுக்கு வந்தது.

இப்போது கர்த்தர் செய்ததைக் கவனி. கண்டிக்கவில்லை. பிரசங்கம் பண்ணவில்லை. "ஏன் ஜெபிக்கவில்லை" என்று கேட்கவில்லை. அவன் தூங்கினான். தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை! இரண்டாம் தரம் எழுப்பும்போதும் சாப்பாடுதான். சொன்ன காரணம்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, நாற்பது நாள் நடை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிற்பாடு, ஓரேபில்தான் வருகிறது. அமர்ந்த மெல்லிய சத்தமும் அங்கேதான். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருந்தவனிடம் கர்த்தர் அந்தப் பேச்சைத் தொடங்கவே இல்லை.

இதை நான் வேதாகமக் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டதாக நினைக்காதே. அடிபட்டுத்தான் புரிந்தது. ஒரு வருஷம் லெந்து காலம். சேகரத்தில் 11 சபைகள், நான் ஒருவன், உபதேசியார் இரண்டு பேர். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் பிரசங்கிக்க நானே எடுத்துக்கொண்டேன், யாரையும் கேட்க மனம் வரவில்லை. நாலு வார்த்தை முடிந்தது. ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்." அதை வாசித்தேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. குறிப்பு கையில் இருக்கிறது, சபை நிறைய ஜனம், வெள்ளை உடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கிறது. நின்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து ஒரு பாமாலைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். சபையார் பாடி முடிக்கும் வரைக்கும் எனக்கு உட்கார நேரம் கிடைத்தது.

அன்றைக்கு இரவு எனக்குள் ஓடியது இதுதான்: தேவகுமாரனே தனக்குத் தாகம் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் முப்பது பக்கம் பிரசங்கம் வைத்திருந்தேன், எனக்குத் தாகம் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

ஜெபவீரன் தம்பி, உங்கள் வைராக்கியத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் டோனாவூர் அம்மையாரைப் பற்றி அரைவாசிதான் நாம் பிரசங்கிக்கிறோம். மலைக்காட்டில் இடம் வாங்கி வீடு கட்டி, வெயில் காலத்தில் பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் ஓய்வுக்காக அங்கே கூட்டிக்கொண்டு போனவர் அவர். 1931இல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது வருஷம் கிட்டத்தட்ட அறையை விட்டு வெளியே வரவே முடியாமல் இருந்தார். அந்த இருபது வருஷமும் கட்டிலில் இருந்தபடி எழுதினார், மற்றவர்கள் அவரைப் பராமரித்தார்கள். தாங்கப்படுவதும் அந்த ஊழியத்தில் சேர்ந்ததுதான்.

மகளே, முதலில் உன் சபைப் போதகரான ஐயரிடம் போய்ச் சொல். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது மூன்று மாசம் பார்க்கட்டும்.

ஓஎம்ஆர் தம்பிக்கும் அதேதான். கிட்டாரை வைத்துவிட்டு ஒரு மாசம் பின்வரிசையில் உட்கார். சபைக்கு ஒன்றும் ஆகாது.

சீனியர்_சிஸ்டர் (செவ்வாய், மதியம் 2:50)

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் நர்ஸ்தான், 26 வருஷம், இப்போது வார்டு இன்சார்ஜ். மூன்று வென்டிலேட்டரை ஒரு பெண் தலையில் கட்டிவிட்டு, அவள் தளர்ந்துபோனால் "உன் ஆத்துமாவைப் பார்" என்று சொன்னால் மேனேஜ்மென்ட்டுக்கு அதைவிட வசதி வேறு எது? பெயர் மறந்துபோனது அவள் பாவம் இல்லை. மூன்று பேருக்கு மணிக்கொரு தடவை வைட்டல்ஸ், மருந்து, சக்‌ஷன், சார்ட் எழுதினால் யாருக்கும் பெயர் நிற்காது.

வேதத்தில் இதற்கு இடம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை, "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு." வேலைக்காரிக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்றுதான் கட்டளையே இருக்கிறது. அவள் கெஞ்சி வாங்க வேண்டிய சலுகை இல்லை அது.

எத்திரோ மோசேயிடம் சொன்னதும் அதே. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனம் வரிசையில் நிற்கிறது, மாமனார் பார்த்துவிட்டு, "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். இன்னும் அதிகமாக ஜெபியும் என்று சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்து பேருக்கு என்று ஆட்களை நியமிக்கச் சொன்னார். தங்கச்சி, ஒவ்வொரு நைட்டும் ஒருத்திக்கு எத்தனை நோயாளி என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுது. ஒரு மாசம் எழுது. நர்சிங் சூப்பரின்டெண்டிடம் தனியாகப் போகாதே, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போ.

பொதுநல_டாக்டர் (செவ்வாய், இரவு 10:20)

நான் மனநலத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர், ஒரு விசுவாசி. ஒரு சில விஷயம் மட்டும்.

நீங்கள் எழுதியது, பணிச்சோர்வுக்கு (பர்ன்அவுட்) அடையாளமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும் மூன்றும்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்தும் அங்கே இருக்கும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போவது, நான் செய்வது எதுவும் உருப்படியில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி. 11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத நீடித்த வேலை அழுத்தத்தால் வருகிற, பணி சார்ந்த ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அந்த வகையில் சீனியர் சிஸ்டர் சொல்வது சரி, வேர் பணியிடத்தில்.

ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. வேலை இல்லாத நாளிலும், பிள்ளையோடு இருக்கும்போதும் எதிலும் மகிழ்ச்சி இல்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே, நான் இல்லாமல் போனால் நல்லது என்ற நினைப்பு, இவை இருந்தால் அதை ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்திருக்கக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் பேச 14416, டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழில் பேசலாம். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிடுங்கள். நம் பெண்களில் பாதிப் பேர் இரத்தசோகையைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

தொடர்ந்து நைட் செய்கிறவருக்கு 21 நாள் உபவாசம் வேண்டாம். அதிகாலை 4 மணி ஜெபமும் வேண்டாம். நைட் முடிந்து வந்து மறைத்த ஜன்னலோடு ஏழு மணி நேரம் தூங்குவதே இப்போதைக்கு உங்கள் கீழ்ப்படிதல். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்", சங்கீதம் 127.

காவேரிக்கரை (புதன், காலை 7:00)

நான் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை, திருச்சிப் பக்கம். எங்களுக்குத் திருப்பாடல், உங்களுக்குச் சங்கீதம், வேறு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஜெபம் வறண்டுபோவதைப் பற்றி நான்காம் நூற்றாண்டிலேயே எகிப்துப் பாலைவனத்தில் எவாக்ரியஸ் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். நண்பகல் நேரத்தில் துறவியைப் பிடிக்கும் ஒரு சோர்வு. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, பொழுதுக்கு ஐம்பது மணி நேரம் போலத் தெரிகிறது. ஜன்னல் பக்கம் அடிக்கடி பார்க்கிறான், மூன்று மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறான். இந்த இடமே பிடிக்கவில்லை, கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லை என்று தோன்றுகிறது. வாசித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. 1600 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவர் சொன்ன மருந்தை, அதாவது அறையை விட்டு நகராதே, வேலையில் நிலைத்திரு என்பதை, அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. அவர் பார்த்தவனுக்கு நேரம் மிச்சம், சுமை குறைவு. உங்களுக்கு நேர்மாறு. உள்ளுக்குள் தெரிவது ஒன்று போல இருந்தாலும் காரணம் வேறு.

எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் என்று சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது, 1950இல் இரண்டு பிரெஞ்சு குருக்கள் தொடங்கியது. முழு ஆண்டுத் தேர்வு விடுமுறையில் நாலு நாள் போய் இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை செபம், மீதி நேரம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முதல் இரண்டு நாள் தூங்கினேன். குற்ற உணர்ச்சியோடு ஒரு ஃபாதரிடம் சொன்னேன், "தியானத்துக்கு வந்துவிட்டுத் தூங்குகிறேன்." "தூங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார். மூன்றாம் நாள் காலை கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அப்போதுதான் கேட்டது.

இரண்டாவது, இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் சொன்ன ஒரு விதி: மனம் வறண்டு இருட்டாக இருக்கும் நேரத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. இராஜினாமாவை இரவு மூன்று மணிக்கு எழுதாதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒரு மாசம் கழித்தும் அதே தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். அது தோல்வி இல்லை.

இரவுப்பணி (புதன், இரவு 7:05)

டியூட்டிக்குக் கிளம்புமுன் அவசரமாக. எல்லாவற்றையும் வாசித்தேன். சாக வேண்டும் என்ற நினைப்பு இல்லை, டாக்டர். பயப்படாதீர்கள். பிள்ளை சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ரத்தப் பரிசோதனைக்கு நாளை கொடுக்கிறேன். ஐயா, அந்த "தாகமாயிருக்கிறேன்" என்பதை பஸ்ஸில் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஜெபவீரன் (வியாழன், காலை 5:30)

சகோதரி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரவு முழுதும் இந்த இழையை வாசித்தேன். நான் உபவாசம் இருந்த காலத்தில் எனக்கு வேலை இல்லை, கல்யாணம் ஆகவில்லை, அம்மா சமைத்துவைத்தார்கள். அந்தக் காலத்தில் கிடைத்த ஆசீர்வாதம் உண்மை. அதை எல்லாருக்கும் மருந்துச் சீட்டு போல எழுதிக் கொடுத்தது தப்பு.

மாற்கு 2ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவன் விசுவாசத்தை என்று இல்லை. படுத்திருந்தவன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. நீங்கள் தூங்குங்கள். அதிகாலை 4 மணிக்கு நான் எப்படியும் எழுந்திருக்கிறேன், உங்களுக்காகவும் உங்கள் யூனிட்டுக்காகவும் நான் ஜெபிக்கிறேன். அந்தக் கட்டிலின் ஒரு மூலை என்னுடையதாக இருக்கட்டும்.

சேகரத்து_ஊழியர் (வியாழன், காலை 6:40)

தம்பி, ஆமென். இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்திருக்கிறேன், இந்த வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

ஓஎம்ஆர்_தம்பி (ஞாயிறு, மதியம் 1:15)

ஐயா சொன்னபடி பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாடகர் குழுத் தலைவருக்கு முகம் வாடியது, ஆனாலும் சரி என்றார். கார்டு யோசிக்காமல் ஒரு பாட்டைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. பெரிய அனுபவம் எதுவும் வரவில்லை. பக்கத்தில் ஒரு தாத்தா சுருதியே சேராமல் சத்தமாகப் பாடினார். நானும் அவரோடு சத்தமாகப் பாடினேன். அவ்வளவுதான். அடுத்த வாரமும் அங்கேதான்.

இரவுப்பணி (மூன்று வாரம் கழித்து, செவ்வாய், காலை 11:30)

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஹீமோகுளோபின் 8.4. டாக்டருக்கு நன்றி. மாத்திரை சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை மனச்சுமை என்றே நினைத்திருந்தேன்.

ஐயரிடம் நான் போகத் தயங்கினேன். என் வீட்டுக்காரர்தான் போய்ச் சொன்னார். மறுநாள் ஐயரின் மனைவி, ஐயரம்மா, வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது, ஆலோசனை சொல்லப்போகிறார்கள், நீண்ட ஜெபம் பண்ணுவார்கள், நான் அழ வேண்டியிருக்கும், அழுகை வராதே என்று. அவர்கள் வந்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்தார்கள். முறத்தில் கிடந்த சின்ன வெங்காயத்தை இழுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் எதிரே உட்கார்ந்தேன். அரைக் கிலோ வெங்காயம் முடியும்வரை பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வெங்காயத்தில் இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. எனக்கு வெங்காயம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. மாசக்கணக்கில் வராதது அப்போதுதான் வந்தது. அவர்கள் என் கையைப் பிடிக்கவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. எழுந்து புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தார்கள். "நீ போய்ப் படு, பாப்பாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார்கள். வாசலில் நின்று ஒரே வரி ஜெபம்: "ஆண்டவரே, இவளைத் தூங்கப்பண்ணும்." பதினொரு மணிக்குப் படுத்தேன். எழுந்தபோது மாலை ஆறு. அடுப்படியில் மூடிவைத்த குழம்பும் சோறும். உட்கார்ந்து சாப்பிட்டேன். ஐயா எழுதிய அந்த அடையும் தண்ணீரும் நினைவுக்கு வந்தது. எனக்கு அது புளிக்குழம்பாக வந்தது.

செயலாளர் பொறுப்பு இப்போது வேறு ஒரு அக்காவிடம். ஓய்வுநாள் பாடசாலையை மட்டும் விட மனம் இல்லை. மாசத்தில் இரண்டு ஞாயிறு என்று குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமை நைட் இருந்தால் கோயிலுக்குப் போவதில்லை. அதைச் சொல்லும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை, அதையே என் ஓய்வுநாள் என்று வைத்துக்கொண்டேன்.

சீனியர் அக்கா, நோட்டு எழுதுகிறேன். 17 நைட்டில் 11 நைட் எனக்கு மூன்று பேர். நாலு பேராகப் போய்ப் பேசினோம். நைட்டுக்கு இன்னொரு ஆள் போடுவதாகச் சொன்னார்கள், இன்னும் போடவில்லை. அடுத்த மாசமும் நோட்டோடு போவோம்.

சீனியர்_சிஸ்டர் (செவ்வாய், மதியம் 1:00)

போங்கள். நாலு பேரை ஆறு பேராக்குங்கள். இராஜினாமா யோசனை என்ன ஆச்சு?

இரவுப்பணி (செவ்வாய், மதியம் 3:20)

இன்னும் இருக்கிறது அக்கா, பொய் சொல்லவில்லை. மூன்று மாசம் கழித்துப் பார்ப்போம் என்று தள்ளிவைத்திருக்கிறேன். ஐ.சி.யூவை விட்டு வார்டுக்கு மாற்றல் கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

காவேரிக்கரை (செவ்வாய், மாலை 5:45)

தங்கச்சி, கேட்கலாம் என்றால் கேட்கிறேன். செபம்? அது திரும்பி வந்ததா?

இரவுப்பணி (செவ்வாய், இரவு 8:10)

முன்பு போல இல்லை அக்கா. முழங்காலில் நின்றால் இப்போதும் நீளமாக ஒன்றும் வருவதில்லை. வேதத்தில் மாற்கு மட்டும் வாசிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பத்தி. "சாப்பிடுவதற்கும் அவர்களுக்குச் சமயமில்லாதிருந்தது" என்று ஆறாம் அதிகாரத்தில் சீஷர்களைப் பற்றி வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தானே, சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று இயேசு அழைக்கிறார். அதைத் தாண்டிப் போக இன்னும் மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கை கழுவ வேண்டும், சோப்பு போட்டு முறைப்படி கழுவினால் முக்கால் நிமிஷமாவது ஆகும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். ஒரு நைட்டில் எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் அடுத்த வேலையை யோசிப்பேன். இப்போது நான் எந்தப் பெட்டுக்குப் போகப்போகிறேனோ அந்த மனுஷனுடைய பெயரை, தண்ணீர் விழுகிற வரைக்கும், மெதுவாக ஆண்டவரிடம் சொல்கிறேன். வேறு ஒன்றும் கேட்பதில்லை. நேற்று இரவு மூன்று பெயர்.